மலாய் பேசும் முதுகுவலி நோயாளிக்கு எந்தப் படிவம்?

முதுகுவலியை எக்ஸ்ரே அளக்காது. படத்தில் முதுகெலும்பு வட்டு தேய்ந்திருக்கும். ஆள் மாலையில் பூப்பந்து ஆடிக்கொண்டிருப்பார். இன்னொருவர் படத்தில் ஒன்றுமே இருக்காது. தரையில் விழுந்த சாவியைக் குனிந்து எடுக்க அவரால் முடியாது. அதனால்தான் வலி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்கியிருக்கிறது என்று நோயாளியையே கேட்கும் படிவங்கள் உருவாயின. அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பிறந்தவை. மலேசியாவில் ஒரு பிசியோதெரபி துறையோ எலும்பு அறுவைப் பிரிவோ இவற்றில் ஒன்றை மலாய் பேசும் நோயாளிகளிடம் பயன்படுத்த நினைத்தால் நான்கு முடிவுகளை எடுத்தாக வேண்டும். எந்தப் படிவம், அதை எப்படி மொழிபெயர்ப்பது, யாரிடம் சோதிப்பது, எந்தச் சோதனைக்கு அதிகம் உழைப்பது. முதுநிலை மாணவர்கள் முதல் இரண்டு கேள்விகளிலேயே காலத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். ஆய்வு நிற்பதும் விழுவதும் பின்னிரண்டில்தான் என்பது என் எண்ணம்.

தொடங்கும் முன்பு ஒரு சோதனை. ஏற்கெனவே மலாய் வடிவம் ஏதேனும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட வேண்டும். முதுகுவலிப் படிவங்களில் பெயர்பெற்றவை ஆஸ்வெஸ்ட்ரியும் ரோலண்ட்–மாரிஸும். ஆஸ்வெஸ்ட்ரி படிவத்தின் மொழிபெயர்ப்புகளை மாப்பி ரிசர்ச் டிரஸ்ட் என்ற பிரெஞ்சு அமைப்பு விநியோகிக்கிறது. ரோலண்ட்–மாரிஸ் படிவமும் அதன் மொழிபெயர்ப்புகளும் பொதுச் சொத்து. ஒரே மொழியில் ஒரே படிவத்துக்கு மூன்று மொழிபெயர்ப்புகள் உலவினால் கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றின் மதிப்பெண்ணைப் பினாங்கு மருத்துவமனை ஒன்றின் மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது. இருக்கும் வடிவம் சுமாராகவேனும் தேறினால் அதையே எடுத்துக்கொண்டு, முன்னவர்கள் சோதிக்காமல் விட்டதைச் சோதிப்பது நல்லது. ஆய்வேட்டு நெறியாளர்களுக்கு இது பிடிப்பதில்லை. புதிய மொழிபெயர்ப்பு என்றால்தான் அவர்களுக்குப் புதிய ஆய்வு.

பக்கத்து நாட்டின் இந்தோனேசிய வடிவத்தை எடுத்து இங்கும் அங்கும் சொல் மாற்றிக்கொள்ளலாமே என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம். இரண்டும் ஒரே வேரில் கிளைத்த மொழிகள்தாம். ஆனால் இந்தோனேசியாவில் முதுகைக் குறிக்கும் ‘புங்குங்’ மலேசியாவில் பிட்டத்தைக் குறிக்கும். வலிக்கு இந்தோனேசிய மருத்துவப் படிவங்கள் எழுதும் ‘ஞெரி’ மலேசிய நோயாளி அன்றாடம் சொல்லும் சொல் அன்று. அவர் சொல்வது ‘சாக்கிட் பிங்காங்’, அதாவது இடுப்பு வலி. ‘பெலாகாங்’ என்று போட்டால் பின்பக்கம் முழுவதும் அதற்குள் வந்துவிடும். தோள்பட்டை வலிக்காரரும் பேனாவை எடுத்துவிடுவார். நம்மவர்களும் அடிமுதுகு வலியை இடுப்பு வலி என்றுதானே சொல்கிறார்கள். எந்தச் சொல்லைப் போட்டாலும், படிவத்தின் தலைப்பில் ஒரு மனித உருவம் வரைந்து, விலாவின் கீழ் விளிம்புக்கும் பிட்டத்தின் மடிப்புக்கும் இடைப்பட்ட பகுதியைக் கோடிட்டுக் காட்டினால் பாதிச் சச்சரவு தீரும்.

மூன்று படிவங்கள்

ஆஸ்வெஸ்ட்ரி என்பது இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூர். அங்குள்ள எலும்பு மருத்துவமனையில் 1976இல் ஜான் ஓ’பிரையன் தொடங்கிய வேலையை ஜெரமி ஃபேர்பேங்கும் சகாக்களும் 1980இல் வெளியிட்டார்கள். வலியின் கடுமை, உடல் பராமரிப்பு, தூக்குதல், நடத்தல், உட்கார்தல், நிற்றல், உறக்கம், தாம்பத்திய உறவு, சமூக வாழ்க்கை, பயணம் என்று 10 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் லேசானதிலிருந்து கடுமையானது வரை 6 வாக்கியங்கள். நோயாளி தமக்குப் பொருந்தும் ஒன்றைத் தேர்வார். மொத்தம் 50 மதிப்பெண், இரட்டித்தால் சதவீதம். இப்போது பரிந்துரைக்கப்படுவது 2.1ஏ பதிப்பு.

ரோலண்ட்–மாரிஸ் 1983இல் வந்தது. 136 கூற்றுகள் கொண்ட பொதுவான நோய்த்தாக்கப் படிவம் ஒன்றிலிருந்து முதுகுக்குப் பொருந்தும் 24 கூற்றுகளைப் பொறுக்கி, ‘என் முதுகின் காரணமாக’ என்ற தொடரைச் சேர்த்தார்கள். இன்றைய நிலைக்குப் பொருந்தும் கூற்றில் குறி இட வேண்டும், அவ்வளவுதான். குறிகளை எண்ணினால் 0 முதல் 24 வரை மதிப்பெண். குடும்ப மருத்துவரின் அறையில் உருவான படிவம் என்பது அதன் எளிமையிலேயே தெரியும்.

கியூபெக் படிவம் 1995இல் கனடாவிலிருந்து வந்தது. 20 செயல்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு கடினம் என்று 0 முதல் 5 வரை, மொத்தம் 100. உணர்வு, பசி, எரிச்சல் எதையும் கலக்காமல் செயலை மட்டும் கேட்பதால் கருத்தளவில் மூன்றிலும் தூய்மையானது இதுவே. ஆனால் குளியல் தொட்டியைக் குனிந்து கழுவ முடிகிறதா என்று கேட்கிறது. மலேசிய வீடுகளில் பெரும்பாலானவற்றில் தொட்டிக் குளியலே கிடையாது. பந்து எறிவது பற்றியும் ஒரு கேள்வி உண்டு. அறுபது வயதுப் பாட்டி அதைப் படித்துச் சிரிப்பார். இப்படி இரண்டு மூன்று வரிகளை மாற்ற நேர்ந்தால், மாற்றிய படிவம் பழைய படிவம்தானா என்ற கேள்வி எழும். கியூபெக்கை நான் இங்கேயே ஒதுக்கிவிடுகிறேன்.

மீதி இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. 2000ஆம் ஆண்டில் ரோலண்டும் ஃபேர்பேங்கும் சேர்ந்தே ‘ஸ்பைன்’ இதழில் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. போட்டிப் படிவங்களின் ஆசிரியர்கள் ஒரே மேசையில் அமர்ந்து எழுதியது மருத்துவ ஆய்வில் அபூர்வம். அதன் சாரம்: முடக்கம் கடுமையாக இருக்கும் நோயாளிகளிடம் ஆஸ்வெஸ்ட்ரி மேலும் நன்றாகப் பிரித்துக் காட்டும்; முடக்கம் லேசாக இருப்பவர்களிடம் ரோலண்ட்–மாரிஸ். ஆகவே அறுவைக்காகக் காத்திருப்போர் வரும் முதுகெலும்புப் பிரிவுக்கு ஆஸ்வெஸ்ட்ரியும், ‘கிளினிக் கெசிஹாத்தான்’ என்னும் அரசுச் சுகாதார நிலையத்துக்கு ரோலண்ட்–மாரிஸும் பொருந்தும். நூல்வழி விடை இதுதான். மலாய் நோயாளி என்று வரும்போது இதற்கு மேலும் சில சங்கதிகள் இருக்கின்றன.

முதலாவது, தாம்பத்திய உறவு பற்றிய பிரிவு. ‘பொருந்தினால்’ என்ற சலுகையோடுதான் ஆஸ்வெஸ்ட்ரி அதைக் கேட்கிறது. விடையில்லை என்றால் 50க்குப் பதில் 45ஆல் வகுத்துக்கொள்ளலாம். ஆசிய நாடுகளில் பலர் இதை வெற்றிடமாக விடுவது பழைய செய்தி. மலாய் முஸ்லிம் குடும்பத்து மணமாகாத பெண்ணிடம், அருகில் தாயார் அமர்ந்திருக்க, இந்தத் தாளை நீட்டுவது நாகரிகமும் அல்ல. இந்தப் பிரிவை நீக்கி வேறொன்றைப் புகுத்திய மாற்றுப் பதிப்பும் உலவுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை, 2.1ஏ பதிப்பை அப்படியே வைத்து, வெற்றிடம் எத்தனை விழுந்தது என்று அறிக்கையில் சொல்லிவிடுவதே நேர்மை.

இரண்டாவது, யாரும் அதிகம் பேசாத ஒன்று. ரோலண்ட்–மாரிஸில் குறி இடாவிட்டால் ‘இல்லை’ என்று பொருள். நோயாளி அந்த வரியைப் படிக்காமல் தாண்டியிருந்தாலும், புரியாமல் விட்டிருந்தாலும், பக்கத்தைத் திருப்பாமலே தந்திருந்தாலும் அதே ‘இல்லை’தான். படிவம் முழுமையாக நிரப்பப்பட்டதாகவே தோன்றும். மதிப்பெண் மட்டும் குறைந்திருக்கும். வாசிப்புப் பழக்கம் குறைந்த முதியவர்களிடமும் மலாயை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களிடமும் இது பெரிய ஓட்டை. ஆஸ்வெஸ்ட்ரியில் விட்டது விட்டதாகவே கண்ணுக்குத் தெரியும். ரோலண்ட்–மாரிஸைத் தேர்ந்தால் ஒவ்வொரு கூற்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள் வைத்து அச்சிடுவதே என் விருப்பம். மதிப்பிடும் முறை மாறாது, ஓட்டை அடைபடும்.

மூன்றாவது, வாக்கியத்தின் நீளம். ஆஸ்வெஸ்ட்ரி நோயாளியை ஆறு வாக்கியங்களைப் படித்து ஒப்பிடச் சொல்கிறது. மிதமான வலி, ஓரளவு கடுமையான வலி, மிகக் கடுமையான வலி என்ற படிகள் மலாயிலும் ஏறுவரிசையில் உணரப்படுகின்றனவா என்பது மொழிபெயர்ப்பாளர் தீர்மானிக்கும் விஷயம் அன்று. ஆறு சொற்றொடர்களையும் தனித்தனி அட்டைகளில் எழுதி, கலைத்து, நோயாளிகளிடம் கொடுத்து அடுக்கச் சொல்ல வேண்டும். இரண்டு அட்டைகள் அடிக்கடி இடம் மாறினால் சொல் சரியில்லை. அரை நாள் வேலைதான்.

ஒரு மைல், கால் மைல், 100 கஜம் என்று ஆஸ்வெஸ்ட்ரி தூரம் கேட்பதை மீட்டரில் சொன்னால் போதும். அங்கே தகராறு இல்லை.

படிவம் கேட்காத கேள்வி

ஒரு மலாய் முஸ்லிம் நோயாளியின் முதுகு நாள்தோறும் எதிர்கொள்ளும் மிகப் பெரிய சோதனை தொழுகை. கடமையான ஐந்து வேளைத் தொழுகைகளில் மொத்தம் 17 ரக்அத்துகள், அதாவது தொழுகைச் சுற்றுகள். ஒவ்வொன்றிலும் ஒரு முறை இடுப்பை மடித்துக் குனிய வேண்டும். இரு முறை நெற்றி தரையில் படப் பணிய வேண்டும். நாளுக்கு 17 குனிதல், 34 பணிதல், அவற்றுக்கிடையே தரையில் அமர்வதும் எழுவதும். இவ்வளவு சீராக வரையறுக்கப்பட்ட, நாள் தவறாமல் செய்யப்படும் உடலசைவை எந்த ஆய்வுக்கூடமும் வடிவமைத்துத் தராது. முதுகு தாங்காதவர்கள் நாற்காலியில் அமர்ந்து தொழலாம் என்று மார்க்கம் சலுகை தருகிறது. அந்தச் சலுகைக்கு ஒருவர் எப்போது மாறினார் என்பதே மருத்துவருக்கு ஒரு தகவல். மூன்று படிவங்களிலும் இதற்கு இடமில்லை. ஆண்கள் சம்மணமிட்டும் பெண்கள் கால்களை ஒருபுறம் மடித்தும் தரையில் அமர்ந்து விருந்துண்ணும் வழக்கத்துக்கும் இடமில்லை. ஆஸ்வெஸ்ட்ரி நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று கேட்கிறது; ரோலண்ட்–மாரிஸ் சாய்வு நாற்காலியிலிருந்து எழுவதைக் கேட்கிறது.

இங்கே மூன்று வழிகள் உண்டு. நாற்காலிக்குப் பதில் தரை என்று வரியையே மாற்றுவது ஒன்று. தொழுகை பற்றி ஒரு வரியைப் படிவத்துக்குள் சேர்ப்பது இன்னொன்று. மூல வரிகளைத் தொடாமல், தொழுகையும் தரையமர்வும் பற்றிய நான்கைந்து கேள்விகளைத் தனித் தாளாக இணைத்து, அவற்றுக்குத் தனி மதிப்பெண் போடுவது மூன்றாவது. முதலிரண்டும் உள்ளூர் நோயாளிக்கு நெருக்கமானவை, ஆனால் உலகத்து ஆய்வுகளோடு ஒப்பிடும் உரிமையைப் பறித்துவிடும். 25 மதிப்பெண் கொண்ட ரோலண்ட்–மாரிஸை யார் எதனோடு ஒப்பிடுவது? மூன்றாவது வழியே சரி. முஸ்லிம் அல்லாத மலாய்ப் பேச்சாளர்கள் அந்தத் தாளை விட்டுவிடலாம். மூல மதிப்பெண் கெடாது.

மொழிபெயர்க்கும் முறை

எல்லாரும் பின்பற்றுவது 2000இல் டார்கஸ் பீட்டன் குழு வகுத்த முறை. மலாயைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். ஒருவருக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும், மற்றவருக்குத் தெரியக் கூடாது. இரண்டையும் ஒன்றாக்குவார்கள். மூலத்தைப் பார்த்திராத, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் அதை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார்கள். நிபுணர் குழு எல்லாவற்றையும் ஒப்பிட்டு இறுதி வடிவம் கொடுக்கும். பிறகு 30 முதல் 40 நோயாளிகளிடம் முன்சோதனை.

இதில் ஆய்வாளர்களின் நேரத்தையும் காசையும் விழுங்குவது மீள்மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு மலாயும் சரளமாக அறிந்த இருவரைத் தேடுவது எளிதல்ல. கடைசியில் உள்ளூர் ஆங்கில ஆசிரியர் ஒருவரைப் பிடித்துவிடுகிறார்கள். அதன் பயன்தான் என்ன? விறைப்பான, சொல்லுக்குச் சொல் பெயர்த்த மலாய், ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது அச்சு அசலாக மூலத்தைப் போலவே வரும். நோயாளிக்குப் புரியும் இயல்பான மலாயோ திரும்பும்போது விலகும். மோசமான மொழிபெயர்ப்புக்கு நல்ல மதிப்பெண் தரும் தேர்வு இது. 2015இல் எப்ஸ்டீன் குழு வேறொரு படிவத்தைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்ததில், பலன் தந்தது நிபுணர் குழுதான், மீள்மொழிபெயர்ப்பு பெரிதாக ஒன்றும் சேர்க்கவில்லை என்று கண்டார்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் பீட்டனும் ஒருவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இருந்தும், மீள்மொழிபெயர்ப்பை முற்றாக விடச் சொல்ல மாட்டேன். மூல ஆசிரியருக்கு மலாய் தெரியாது. அவருக்குக் காட்ட ஏதாவது வேண்டும், இதழின் மதிப்பாய்வாளரும் கேட்பார். ஒன்று போதும். மிஞ்சும் உழைப்பை நோயாளி நேர்காணலுக்குத் திருப்ப வேண்டும். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். வெள்ளை அங்கி அணிந்தவர் கேட்டால் இரு முறை ஆட்டுவார்கள். வரியைப் படித்து, தாம் விளங்கிக்கொண்டதைத் தம் சொற்களில் சொல்லச் செய்ய வேண்டும். ரோலண்ட்–மாரிஸில் ‘என் முதுகின் காரணமாக மற்றவர்களைக் கொண்டு வேலைகளைச் செய்வித்துக்கொள்ள முயல்கிறேன்’ என்ற பொருளில் ஒரு கூற்று உண்டு. மகளும் மருமகளும் உள்ள வீட்டில் பாட்டிக்கு முதுகு நன்றாக இருந்தாலும் தண்ணீர்க் குடத்தைப் பிறர்தான் தூக்குவார்கள். அவர் ‘ஆம்’ போட்டது முதுகுக்காகவா, வயதுக்கும் மரியாதைக்குமா? மீள்மொழிபெயர்ப்பு எத்தனை முறை செய்தாலும் இது வெளிவராது.

யாரிடம் சோதிப்பது

மலாய் பேசுவோர் என்றால் மலாய்க்காரர் மட்டும்தானா? மலேசியாவில் இக்கேள்வியைத் தவிர்க்க முடியாது. மருத்துவமனைக் கூடத்தில் மலாய்ப் படிவம் சீனர் கைக்கும் போகும், தமிழர் கைக்கும் போகும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டி முதுகு ஒடிந்த முதிய தமிழருக்குச் சந்தை மலாய் தண்ணீர்பட்ட பாடாக இருக்கும். எழுத்து மலாய் அப்படி இராது. கிளாந்தானிலோ வேறு மாதிரி: அங்குள்ளவர்களின் தாய்மொழி மலாய்தான், ஆனால் வட்டார வழக்கு பொதுமலாயிலிருந்து வெகுதூரம் விலகியது. ஒரே நகரத்துப் போதனா மருத்துவமனையில், படித்த மலாய்க்காரர்களிடம் மட்டும் சோதித்துவிட்டு ‘மலாய் வடிவம் ஏற்புடையது’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. தாய்மொழியாளர்களிடம் முதன்மைச் சோதனை, இரண்டாம் மொழியாளர்களிடம் ஒரு தனிக் குழு, தாமே படிக்க இயலாதவர்களுக்கு ஒருவர் படித்துக்காட்டும் முறை. முடிவுகளையும் தனித்தனியாகவே வெளியிட வேண்டும்.

எண்ணிக்கை படிவத்தைப் பொறுத்து மாறும். இத்தகைய படிவங்களைச் சோதிக்கும் ஆய்வுகளை மதிப்பிடும் கோஸ்மின் நெறிமுறைப்படி, எந்தெந்த வரிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பண்பை அளக்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்கு வரிகளின் எண்ணிக்கையைப் போல் ஏழு மடங்கும், 100க்குக் குறையாமலும் ஆட்கள் இருந்தால் மிக நன்று. ஆஸ்வெஸ்ட்ரிக்கு 7 × 10 = 70; எனவே 100 பேர் போதும். ரோலண்ட்–மாரிஸுக்கு 7 × 24 = 168. ஆம்–இல்லை விடைகள் என்பதால் அதற்கு மேலும் சிலர் இருந்தால்தான் கணக்கு நிலைக்கும். சிறிய துறைக்கு, ஓராண்டில் ஆய்வை முடிக்க வேண்டிய மாணவருக்கு, இந்த வித்தியாசமே தேர்வைத் தீர்மானித்துவிடலாம்.

எந்தச் சோதனை

குரோன்பாக் ஆல்பா என்ற எண்ணைக் கணித்து, 0.70க்கு மேல் வந்துவிட்டது என்று மகிழ்ந்து முடிக்கும் கட்டுரைகள் ஏராளம். வரிகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றன என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. ‘உண்மைத் தரக்கோலோடு’ ஒப்பிட்டோம் என்பதும் பொருந்தாது. முதுகுவலி இயலாமைக்கு அப்படி ஒரு தரக்கோல் கிடையாது. செய்யக்கூடியது, முன்கூட்டியே ஊகங்களை எழுதிவைப்பது: பொதுவான உடல்நலத்தைக் கேட்கும் எஸ்.எஃப்.–36 படிவத்தின் மலாய் வடிவத்தில் உடலியக்கப் பகுதியோடு வலுவான உறவு வரவேண்டும், மனநலப் பகுதியோடு அதைவிடக் குறைவாக, வலி எண்ணோடு இடைப்பட்டதாக. தரவைப் பார்த்த பிறகு எழுதும் ஊகத்துக்கு மதிப்பில்லை.

அதிகம் உழைக்க வேண்டியது மறுசோதனையில். ஒரே நோயாளிக்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து அதே படிவம். அவர் நிலை மாறவில்லை என்று அவரே சொன்னால் மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு மதிப்பெண்களின் ஒற்றுமையைக் காட்டும் ஐ.சி.சி. கெழு 0.90 வந்தால் கட்டுரைகள் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதும். ஆஸ்வெஸ்ட்ரியில் நோயாளிகளின் திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு, 15 என்று வைத்துக்கொள்வோம். 0.90 என்றால் அளவைப் பிழை 15 × √0.10, அதாவது 4.7. ஒரு தனி நோயாளியிடம் பிழையைத் தாண்டி உண்மையாகவே மாற்றம் நேர்ந்தது என்று சொல்ல, அதை 1.96 ஆலும் √2 ஆலும் பெருக்க வேண்டும்: 13.1. ஆனால் 2008இல் ஆஸ்டெலோ தலைமையிலான குழு, நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் ஆஸ்வெஸ்ட்ரியில் 10, ரோலண்ட்–மாரிஸில் 5, அல்லது தொடக்க மதிப்பெண்ணில் 30 சதவீதம் என்று பரிந்துரைத்தது. 13 வந்தால்தான் நம்பலாம், 10 வந்தாலே நோயாளிக்குச் சுகம் என்றால், அந்த மலாய் வடிவம் ஆய்வுக் குழுக்களின் சராசரிக்கு உதவும். எதிரில் அமர்ந்திருக்கும் ஒருவரின் முன்னேற்றத்தைச் சொல்ல உதவாது. கெழு 0.95 ஆக உயர்ந்தால் அதே கணக்கு 9.3 தரும். 0.90க்கும் 0.95க்கும் இடையில் இவ்வளவு இருக்கிறது. இந்த எண்ணை வெளியிடாத ஆய்வை மருத்துவர் பயன்படுத்த முடியாது. சிகிச்சைக்குப் பின் மதிப்பெண் நகர்கிறதா என்ற சோதனையும் வேண்டும். அதற்கு நோயாளிகளைச் சில வாரங்கள் பின்தொடர வேண்டும் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். அறுவைப் பிரிவு என்றால் ஆஸ்வெஸ்ட்ரி 2.1ஏ, அதற்கு வேறு பேச்சில்லை. சுகாதார நிலையங்களுக்கும் பிசியோதெரபி பிரிவுகளுக்கும் ஆம்–இல்லைக் கட்டங்களோடு ரோலண்ட்–மாரிஸ், கூடவே தொழுகைத் தாள், 170 பேருக்குக் குறையாத மாதிரி. ஆள் கிடைக்காது, 100தான் முடியும் என்றால் ஆஸ்வெஸ்ட்ரிக்குத் திரும்பலாம். இதில் ஒரு நடைமுறை வேறுபாடும் உண்டு. ஆஸ்வெஸ்ட்ரி உரிமம் பெற்ற படிவம். அனுமதியை மொழிபெயர்ப்பு தொடங்கும் முன்பே வாங்க வேண்டும், முழுப் படிவத்தையும் விருப்பம்போல அச்சிட்டு வெளியிட முடியாது. ரோலண்ட்–மாரிஸ் மலாய் வடிவத்தைக் கட்டுரையின் பின்னிணைப்பிலேயே முழுமையாகப் போட்டுவிடலாம். சரவாக்கின் உட்பகுதியில் இருக்கும் ஒரு நிலையம் யாரையும் கேட்காமல் நகலெடுத்துக்கொள்ளும்.